பிர கனோங் பேயும் எங்கள் வீட்டுக் கல்லும்

பேய்ப் படம் பார்க்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. பயத்தினால் அல்ல, ரசனையினால் என்று சொல்லிக் கொள்ள ஆசைதான். ஆனால் நாற்பது வயதுக்கு மேல் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? பயத்தினால்தான். வெள்ளைப் புடைவையும் விரித்த கூந்தலுமாக ஒருத்தி திரையில் நடந்தால், அன்று இரவு கொல்லைப்புற விளக்கைப் போடுவதற்கு மனைவியைத்தான் எழுப்ப வேண்டியிருக்கும்.

ஆகையால், சிநேகிதர் ஒருவர் சயாம் நாட்டுப் பேய்ப் படம் ஒன்றைக் கொண்டு வந்து என் மேஜை மேல் வைத்தபோது, நான் அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து விட்டேன். அவர் விடவில்லை. "பேய்ப் படம் என்று யார் ஐயா சொன்னது? இது குடும்பப் படம். புருஷன் பெண்சாதி கதை. பெண்சாதி செத்துப் போனவள், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். இப்படிச் சொன்ன பிறகு எந்தக் கதைக்காரனால் சும்மா இருக்க முடியும்? பட்டப்பகலில், ஜன்னல்களைத் திறந்து வைத்துக் கொண்டு பார்த்தேன்.

படத்தின் பெயர் 'நாங் நாக்'. 1999-ல் வெளிவந்தது. நொன்சீ நிமிபுத் என்பவர் இயக்கியது. நாக் என்பது கதாநாயகியின் பெயர். நம் காதுக்கு நாக்கு என்று விழுகிறது; முதல் பத்து நிமிஷத்துக்கு அது கொஞ்சம் உபத்திரவம். நாக்காக நடித்த பெண்ணின் பெயர் இந்திரா. நம் ஊர்ப் பெயர்தான், சயாம் வரைக்கும் போய்க் குடியேறியிருக்கிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். பாங்காக்கை ஒட்டிய பிர கனோங் என்ற கால்வாய்க் கரைக் கிராமம். மாக் என்ற இளைஞனும் அவன் மனைவி நாக்கும் அங்கே வாழ்கிறார்கள். அவள் கர்ப்பமாக இருக்கும்போது அவனைப் போருக்கு அழைத்துப் போகிறார்கள். போரில் அவன் காயம்பட்டு, ஒரு பெரிய பிக்ஷுவின் பராமரிப்பில் பிழைத்துக் கொள்கிறான். அங்கே அவன் உயிருக்குப் போராடுகிற அதே நேரத்தில், இங்கே அவள் பிரசவ வேதனையில் துடிக்கிறாள். அவன் பிழைக்கிறான், அவள் பிழைக்கவில்லை, குழந்தையும் பிழைக்கவில்லை. அவனுக்கு இது தெரியாது. படகில் ஊர் திரும்புகிறான். படித்துறையில் கையில் குழந்தையோடு நாக் நிற்கிறாள். சமைத்துப் போடுகிறாள், தாலாட்டுகிறாள், காயத்தைத் துடைக்கிறாள். அவளைச் செத்தவள் என்று அவனிடம் சொல்ல வருகிறவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள்.

இந்தக் கதையில் சயாம் நாட்டுக் குழந்தைக்கும் தெரிந்த ஒரு கட்டம் உண்டு. அங்கே வீடுகள் மரக்கால்கள் மேல் நிற்பவை. மேலே வேலையாக இருக்கும் நாக்கின் கையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் நழுவி, பலகை இடுக்கு வழியாகக் கீழே தரையில் விழுந்து விடுகிறது. அவள் படியிறங்கி வர வேண்டாமா? வரவில்லை. கை மட்டும் நீண்டு, ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே நீண்டு, கீழே வந்து பழத்தை எடுத்துக் கொண்டு போகிறது. அதை மாக் பார்த்து விடுகிறான்.

என் அபிப்பிராயத்தில், இந்தக் கட்டத்தைக் கற்பனை செய்தவன், அவன் யாராயிருந்தாலும் சரி, பெரிய கதாசிரியன். பல்லைக் காட்டவில்லை, ரத்தம் குடிக்கவில்லை. சமையல்காரி சோம்பல்பட்டாள், அதனால் பிடிபட்டாள். வீட்டு வேலையின் அவசரத்தில், தான் செத்தவள் என்பதையே மறந்து விட்டாள்!

அதற்குப் பிறகு மாக் ஓடுகிறான். மந்திரவாதி வருகிறான், அவனும் அழிகிறான். கடைசியில் சோம்தேத் தோ என்ற அந்தப் பெரிய பிக்ஷு வந்து, தோண்டிய குழியருகே உட்கார்ந்து, அவளோடு பேசுகிறார். அடிக்கவில்லை, விரட்டவில்லை, பேசுகிறார். அவள் புருஷனிடம் விடைபெற்றுக் கொண்டு போய் விடுகிறாள். அவளுடைய நெற்றி எலும்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவர் தம்மோடு வைத்துக் கொண்டார் என்பது ஐதிகம். சோம்தேத் தோ கற்பனைப் பாத்திரமல்ல. 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து, 1872-ல் மறைந்த, சயாம் ஜனங்கள் இன்றும் கும்பிடுகிற பிக்ஷு.

படத்தில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. பிணங்களைக் காட்டுகிற இடங்களில் இயக்குநர் கொஞ்சம் அதிகமாகவே தாராளம் காட்டியிருக்கிறார். பிடித்தது, அந்தக் காலத்தை அவர் நம்ப வைத்த விதம். அதற்கு முந்தைய நாக் படங்களில் பேய்க்கு நீண்ட கூந்தல் இருந்தது; நம் படங்களைப் போலத்தான். ஆனால் அன்றைய சயாம் ஸ்திரீகள் கூந்தல் வளர்க்கவில்லை, ஆண்பிள்ளை போலக் கட்டையாக வெட்டிக் கொண்டார்கள். வெற்றிலைக் காவியேறி அவர்களுடைய பற்கள் கறுத்திருந்தன. இந்த நாக்குக்கு அதே கட்டை முடி, அதே கறுத்த பல். அழகி என்று நாம் சொல்ல மாட்டோம். அரைமணியில் பழகிப் போய், பிறகு அவள் அழும்போது நமக்கும் தொண்டை அடைக்கிறது.

கதை 1868-ஆம் வருஷத்தில், மோங்குட் மன்னரின் கடைசிக் காலத்தில் நடப்பதாகப் படம் வைத்துக் கொள்கிறது. அந்த வருஷத்துச் சூரிய கிரகணத்தோடு தொடங்குகிறது. இது நடந்த கிரகணம். ஆகஸ்டு 18. மோங்குட் மன்னர் தாமே கணக்குப் போட்டு, எந்த இடத்தில் முழுமையாகத் தெரியும் என்று கண்டு, வா கோ என்ற கடலோரக் கிராமத்துக்கு வெள்ளைக்காரர்களை அழைத்துப் போய்க் காட்டினார். கணக்கு பலித்தது. ஆனால் அந்தச் சதுப்பு நிலத்தில் அவரைக் குளிர் காய்ச்சல் பற்றிக் கொண்டது. அக்டோபர் 1-ஆம் தேதி காலமானார். அதே நிழல் அன்று காலையில் நம் தேசத்தின் மேலும் விழுந்து போயிருந்தது. சென்னை வானியல் ஆய்வுக் கூடத்திலிருந்து போக்சன் துரை மசூலிப்பட்டணம் போய் அதைப் பார்த்தார். குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சன் பார்த்தார். ஹீலியம் என்ற வாயுவின் அடையாளம் மனிதர் கண்ணுக்கு முதலில் பட்டது அன்றைக்குத்தான். ஒரே நிழல், ஓர் ஊரில் விஞ்ஞானம், இன்னோர் ஊரில் ராஜாவின் மரணம், மூன்றாவது ஊரில் பேய்க் கதை!

இந்தக் கதைக்கு முன்னும் பின்னும் சயாமில் இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் வந்திருக்கின்றன. இந்தப் படம் அந்நாட்டுப் படங்களில் அதுவரை காணாத வசூல் வசூலித்தது. 2013-ல் இதையே வேடிக்கையாக மாற்றி, 'பீ மாக்' என்று புருஷன் பெயரில் ஒரு படம் எடுத்தார்கள். அது இதையும் மிஞ்சிப் போய்விட்டது. நான் பாங்காக் போனது அந்த வருஷந்தான்.

போனது பேயைப் பார்க்க அல்ல. சிநேகிதரின் மகன் அங்கே வேலையாக இருந்தான்; டிக்கெட் மலிவாகக் கிடைத்தது; எழுத்தாளனும் ஒரு முறை வெளிநாடு போனால் குறைந்து போய் விடாது என்று கிளம்பினேன். சீலோம் வீதியில், 19-ஆம் நூற்றாண்டில் நம் தமிழர் கட்டிய மாரியம்மன் கோவிலைப் பார்த்தேன். கும்பிடுகிறவர்களில் சயாம்காரர்களே அதிகம். பிறகுதான் பையன் கேட்டான்: "மாமா, நாக் கோவிலுக்குப் போகலாமா?"

கோவிலா?

கோவில்தான். வாட் மகாபுத் என்ற பௌத்த ஆலயத்தின் பின்புறம், பிர கனோங் கால்வாய்க் கரையில், நாக்குக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. கதையில் கிராமமாக இருந்த இடம் இப்போது நகரத்தின் நடுவில் மாட்டிக் கொண்டிருக்கிறது. கொஞ்ச தூரத்தில் தலைக்கு மேல் ரெயில் ஓடுகிறது. உள்ளே ஒரு பெண் சிலை, மடியில் குழந்தை, உடம்பெல்லாம் பக்தர்கள் ஒட்டிய தங்க ரேக்கு. சுற்றிலும் உடுப்புகள் தொங்குகின்றன: நாக்குக்கு வாங்கி வந்த புதுத் துணிகள். குழந்தைக்குப் பொம்மைகள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவளுக்கு எதிரே ஒரு டெலிவிஷன் பெட்டி ஓடிக் கொண்டிருக்கிறது. பார்க்கிறவர்கள் யாரும் இல்லை. "யாருக்கு இது?" என்று கேட்டேன். "அவளுக்குத்தான். பொழுது போக வேண்டாமா?" என்றான் பையன்.

ஒரு பக்கம் ஒரு பழைய மரக்கட்டையை ஜனங்கள் விரலால் தேய்த்துக் கொண்டிருந்தார்கள். லாட்டரி எண் அதில் தெரியுமாம். இது எந்தத் தேசத்திலும் நடக்கக் கூடியது என்பதால் நான் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட்டது வேறொன்றுக்கு. சயாமில் இளைஞர்களைப் பட்டாளத்துக்கு எடுப்பது சீட்டு எடுத்து. சிவப்புச் சீட்டு வந்தால் போக வேண்டும், கறுப்புச் சீட்டு வந்தால் வீட்டுக்குத் திரும்பலாம். சீட்டெடுக்கும் நாள் நெருங்கினால் நாக்கிடம் வந்து வேண்டிக் கொள்கிறவர்கள் உண்டு. புருஷனைப் பட்டாளத்துக்குப் பறிகொடுத்து அதனால் நாசமானவள் அல்லவா? அவளுக்குத் தெரியும், அவள் விட மாட்டாள் என்று நம்பிக்கை. ராஜாங்கத்துக்கு எதிராகப் பேயிடம் மனுப் போடுகிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

தொங்கிய துணிகளைப் பார்த்ததும் எனக்கு எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி ஞாபகம் வந்தது.

வட ஆர்க்காட்டுப் பக்கத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குடும்பத்தில் பூவோடும் பொட்டோடும் இறந்து போனவளை, கலியாணம் போன்ற நல்ல காரியத்துக்கு முன்னால் அழைத்து, புதுப் புடைவை வைத்துப் படைப்போம். அவளே பூவாடைக்காரி. எங்கள் குடும்பத்துப் பூவாடைக்காரி, என் தாத்தாவின் முதல் தாரம். பெரிய ஆயா என்று சொல்வோம். நான் பார்த்ததில்லை; என் அப்பாவே பார்த்ததில்லை. 1942-ல், வயிற்றில் எட்டு மாதப் பிள்ளையோடு இறந்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயதில் ஒரு மகன் இருந்தான். அவர்தான் என் பெரியப்பா.

வயிற்றுச் சுமையோடு ஒருத்தி போய்விட்டால், அந்தச் சுமை ஆற வேண்டும் என்று வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் போடுவது நம்மவர் வழக்கம். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தினால் முடிந்தது. தலைச்சுமைக்காரன் யாருடைய ஒத்தாசையும் இல்லாமல் சுமையை அதன் மேல் இறக்கி வைத்து, களைப்பாறி, மறுபடி தூக்கிக் கொள்ளலாம். வழிப்போக்கன் இறக்குகிற ஒவ்வொரு சுமைக்கும் அவள் சுமை கொஞ்சம் குறையும். சயாம்காரர்கள் வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளைப் பார்த்து மற்றெல்லாப் பேயையும் விட அதிகமாகப் பயப்படுகிறார்கள். நாமும் பயந்துதான் இருப்போம். பயந்தவன் கல்லும் போட்டான்.

எங்கள் தாத்தா வந்தவாசி ரோட்டில் கல் போட்டார். அடுத்த வருஷமே இரண்டாங் கலியாணமும் செய்து கொண்டார். வந்தவள் என் ஆயா. அவளுக்குப் பதினேழு வயசு.

ஆயா சொல்லி நாங்கள் கேட்ட கதை இது. மின்சாரம் போன ராத்திரிகளில், முற்றத்தில் எங்களைச் சுற்றி உட்கார வைத்துக் கொண்டு சொல்வாள். அவள் வந்த மூன்றாம் நாள் ராத்திரி ஓட்டின் மேல் கல் விழுந்தது. ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. தாத்தா தடியோடு வெளியே ஓடிப் பார்த்தார், யாரும் இல்லை. மறுநாளும் விழுந்தது. ஒரு மாதம் இப்படி. ஓடு உடைந்தது. பூசாரி வந்து உடுக்கையடித்து, மூத்தவள் கோபமாக இருக்கிறாள் என்று சொல்லி, கறுப்புச் சேவல் வாங்கிக் கொண்டு போனான். அன்றைக்கு ராத்திரி கல் இன்னும் பெரிதாக விழுந்தது. ஆயாவுக்கு அப்போது மாதம் தள்ளியிருந்தது. அது நிற்கவில்லை. மூத்தவள் தங்க விடவில்லை என்று ஊர் சொன்னது.

"அப்புறம் என்ன ஆச்சு ஆயா?"

"அப்புறம் என்ன ஆவுறது? ஒரு நா ராத்திரி உங்க தாத்தா ஏத்தம் எறைக்கப் போயிட்டாரு. கல்லு வுழுந்துது. எனக்கு அலுத்துப் போச்சு. வெளக்கு கூட எடுத்துக்கலை, தோட்டத்துப் பக்கம் போய் நின்னேன். 'அக்கா, உன் எடத்துக்கு நான் வரலை. என்னைக் கொண்டாந்து உட்டாங்க. உன் புள்ளைக்கு ரெண்டு வேளை சோறு வடிக்க ஆள் வேணும், நான் வடிக்கறேன். உனக்கு வருஷத்துக்கு ஒரு பொடவை வெக்கறேன். நீ போய்ப் படு அக்கா'ன்னேன். அன்னியோட நின்னுது."

சொன்னபடி வைத்தாள். வருஷா வருஷம் தைப் பொங்கல் கழிந்த மறுநாள், தனக்கு எடுக்காவிட்டாலும் அக்காவுக்குப் புடைவை எடுப்பாள். படைத்த புடைவை பெரியப்பா மனைவிக்குப் போகும். பிறகு அவர் மகளுக்கு. ஆயா 2009-ல் போனாள். அதற்கு முந்தின பொங்கலுக்கும் புடைவை எடுத்தாள்.

பாங்காக்கிலிருந்து திரும்பி வந்த பிறகு, அந்த நாக் யார் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். நிஜக் கதை என்று சொன்னால் டிக்கெட் விற்கும் என்பது படமுதலாளிகளுக்கு மட்டுமல்ல, என் போன்ற கதைக்காரர்களுக்கும் தெரிந்த தந்திரந்தான். எனவே நிஜம் எவ்வளவு என்று பார்க்கும் குறுகுறுப்பு. அனேக் நாவிகமுன் என்ற அந்நாட்டுச் சரித்திர ஆராய்ச்சியாளர் தேடிக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். 1899 மார்ச் 10-ஆம் தேதி, 'சயாம் பிரபேத்' என்ற பத்திரிகையில் கே. எஸ். ஆர். கூலாப் என்பவர் எழுதிய விஷயம் அது.

கூலாப் சொல்வது இதுதான்: நாக் என்று ஒருத்தி இருந்தது நிஜம். பிர கனோங் பகுதித் தலைவரின் மகள். கர்ப்பமாக இருக்கும்போது இறந்தாள். புருஷன் பெயர் மாக் அல்ல, சும். பட்டாளத்துக்கு அவன் போகவும் இல்லை. அவன் கூத்தாடி. 'கோன்' என்ற முகமூடி நாட்டியத்தில் தோத்சகான் வேஷம் கட்டுகிறவன். தோத்சகான் என்பது வேறு யாருமில்லை, தசகண்டன், நம் ராவணன்தான்! மாக் என்ற பெயர் பின்னால், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராதிப் இளவரசர் இதை நாடகமாக்கியபோது வந்தது. பட்டாளத்துக்குப் போன அப்பாவி இளைஞன் வேஷத்துக்கு ராவணன் சரிப்பட மாட்டான் என்று பிற்காலத்தவர்கள் எண்ணியிருக்கலாம்.

பேய்? பேயும் நிஜந்தான் என்கிறார் கூலாப், வேறு விதத்தில். நாக்குக்கு ஏற்கெனவே பிள்ளை இருந்தான். அப்பா மறுகலியாணம் செய்து கொண்டால் சொத்து சித்திக்குப் போய்விடுமே என்று அவனுக்குக் கவலை. பெண் உடுப்பைப் போட்டுக் கொண்டு, இருட்டில் கரையில் நின்று, கால்வாயில் போகிற படகுகள் மேல் கல் எறிந்தான். நாக் அலைகிறாள் என்று ஊர் நம்பியது.

இந்தக் கூலாப் பழைய ஏடுகளில் தம் சொந்தச் சரக்கைச் சேர்த்து விட்டார் என்று அரசாங்க விசாரணைக்கு ஆளான மனிதர் என்பதையும் சொல்லி விட வேண்டும். பேய்க் கதையைப் பொய் என்கிறவர் மேலேயே பொய்க் குற்றச்சாட்டு. அது போகட்டும். நான் அந்தப் பக்கத்தைப் படித்ததும் புஸ்தகத்தை மூடி வைத்து விட்டேன். ராத்திரி பதினொரு மணி. கொல்லைப்புற விளக்கை நானே எழுந்து போய்ப் போட்டேன். பயம் ஒன்றும் தோன்றவில்லை. எட்டு வயசுப் பையன் ஒருவன் ஓட்டு வீட்டுக்குப் பின்னால் நிற்பது மட்டும் கண்ணில் தெரிந்து கொண்டே இருந்தது.

இத்தனை வருஷம் இது ஒருவருக்கும் தோன்றவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கதை சொல்லிப் பிழைக்கிற எனக்கே தோன்றவில்லையே! எங்கள் கதையில் பெரியப்பா இல்லவே இல்லை. ஆயா சொல்கிறபோது, "உன் புள்ளைக்குச் சோறு" என்கிற ஓர் இடத்தில் மட்டுமே வந்து போவார்.

பெரியப்பாவுக்கு அப்போது எழுபத்தொன்பது வயசு. ஊரில்தான் இருந்தார். ரெவின்யூ இலாகாவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். ஒரு சனிக்கிழமை போனேன். சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் அவர் வெற்றிலை இடித்துக் கொண்டிருந்தார். பாங்காக் கதையைச் சொல்லத் தொடங்கினேன். எலுமிச்சம்பழத்தைச் சொன்னேன், சிரித்தார். டெலிவிஷன் பெட்டியைச் சொன்னேன், "நல்லதுதானே" என்றார். பிறகு கூலாப்பின் கதையைச் சொன்னேன். ஒன்றும் தெரியாதவன் போல, வேறு எங்கோ பார்த்துக் கொண்டுதான் சொன்னேன். இது யோக்கியமான காரியமல்ல என்பது தெரியும்.

உரல் சத்தம் நின்றது.

"அந்தப் பையனுக்கு என்ன வயசாம்?"

"பெரிய பையன்தான் பெரியப்பா. சொத்துக் கவலை வந்த வயசு."

"அப்பிடியா" என்றார். மறுபடி நாலு இடி இடித்தார். பிறகு, ஏதோ கிஸ்தி பாக்கியைச் சொல்வது போன்ற குரலில், "நான் மூணு நாள்தாண்டா எறிஞ்சேன்" என்றார்.

நான் பேசவில்லை.

"சொத்து கித்தெல்லாம் அந்த வயசுல ஏது? கலியாணத்தன்னிக்கு எங்கம்மா பொட்டியத் தொறந்து, அவ பொடவைய எடுத்து சின்னம்மாவுக்குக் குடுத்துட்டாங்க. உள்ளாற கட்டிக்க. அதப் பாத்துட்டேன். மூணு நாள் எறிஞ்சேன். அப்புறம் எனக்கே பயமாப் போச்சு, நிறுத்திட்டேன்."

"ஆனா ஆயா ஒரு மாசம் விழுந்துதுன்னு சொல்லுவாங்களே பெரியப்பா?"

"வுழுந்துதே. அதத்தான் சொல்றேன். நான் நிறுத்தினப்புறமும் வுழுந்துது. அது எங்கம்மா."

அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. வெற்றிலையை வாயில் போட்டுக் கொண்டார். அது ஊறுகிற வரைக்கும் இருவரும் தெருவைப் பார்த்துக் கொண்டிருந்தோம்.

"சின்னம்மாவுக்கு மொதப் புள்ள தங்கலை. தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும் பெரியப்பா."

"ராத்திரியெல்லாம் அவங்க தூங்கலை. பதினேழு வயசுப் பொண்ணு. ஒவ்வொரு கல்லுக்கும் எழுந்து உக்காந்துக்குவாங்க. உங்கப்பன் அம்பதுல பொறக்கற வரைக்கும் நான் ராத்திரிப் படுக்கும்போதெல்லாம் மாரியாத்தாளக் கும்புட்டுத்தான் படுப்பேன். பொறந்தப்புறந்தான் விட்டேன்."

1943-லிருந்து 1950 வரை. எட்டு, ஒன்பது வயசிலிருந்து பதினாறு வயசு வரை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, பெரியம்மாவிடங்கூட.

"ஆயாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார்:

"அவங்க தோட்டத்துல நின்னு எங்கம்மாகிட்ட பேசினாங்க இல்ல, அதுக்கு மறுநா காத்தால. கஞ்சி குடிக்க உக்காந்தேன். கையைப் பாத்தாங்க. ஓட்டுச் சில்லு கீறி ரெண்டு கையும் சிராய்ப்பு. என்னடா இதுன்னு கேக்கலை. வெளக்கெண்ண கொண்டாந்து தடவி வுட்டாங்க. கருப்பட்டி ஒரு துண்டு கொடுத்தாங்க. அவ்வளவுதான்."

எனக்குக் கணக்கு உதைத்தது. மூன்று நாள் எறிந்து நிறுத்தியவன் கையில், ஒரு மாதம் கழித்து ஏது சிராய்ப்பு? கேட்க வாய் வந்து விட்டது. பெரியப்பா என்னைப் பார்த்தார். ரெவின்யூ இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பார்த்தவர். அவருக்குத் தெரியாத கூட்டலா? நான் கேட்கவில்லை.

சாயந்திரம், "அந்தப் படத்த வெச்சிருக்கியா?" என்றார். மடிக்கணினியை ஸ்டூலின் மேல் வைத்து, கட்டிலில் சாய்ந்து கொண்டு பார்த்தார். பாஷை புரியாது, கீழே ஓடிய எழுத்தும் அவருக்குத் தெரியவில்லை. அங்கங்கே நான் சொன்னேன். பயப்பட வேண்டிய இடங்களில் அவர் பயப்படவில்லை. படித்துறையில் குழந்தையோடு அவள் நிற்கிற இடத்தில் மட்டும், "கொஞ்சம் நிறுத்து" என்றார். நிறுத்தினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு உற்றுப் பார்த்தார்.

"என்னடா, முடிய இப்பிடி ஒட்ட வெட்டியிருக்காங்க?"

"அந்தக் காலத்துல அங்கே அப்படித்தான் பெரியப்பா."

"எங்கம்மாவுக்கு இடுப்பு வரைக்கும் இருக்கும்" என்றார்.

எழுபது வருஷத்தில் பெரிய ஆயாவைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே விவரம் அதுதான்.

கடைசியில் பிக்ஷு வந்து உட்கார்ந்து பேசுகிற இடம் வந்தபோது, "இவரு என்ன சொல்றாரு அவகிட்ட?" என்று கேட்டார். நான் எழுத்தைப் படித்துச் சொல்ல வாயெடுப்பதற்குள், "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று கையமர்த்தி விட்டார்.

மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது, ரோடு வரைக்கும் வருகிறேன் என்று சட்டையை மாட்டிக் கொண்டு கூடவே வந்து காரில் ஏறினார். வந்தவாசி ரோட்டை அகலப்படுத்தியபோது சுமைதாங்கிக் கல்லைப் பெயர்த்து விட்டார்கள். ஊர்க்காரர்கள் சும்மா விடாமல், கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு டீக்கடையின் பக்கவாட்டில் நட்டு வைத்திருக்கிறார்கள். இப்போது தலைச்சுமைக்காரர்கள் யார் இருக்கிறார்கள்? கடைக்காரர் அதன் மேல் பால் கேனும் ரொட்டிப் பெட்டியும் வைத்திருந்தார். பெரியப்பாவைக் கண்டதும், "ஐயா, எடுத்துடறேன்" என்று பதறினார்.

"எதுக்குய்யா எடுக்கற? இருக்கட்டும். அதுக்குத்தான் போட்டது" என்றார் பெரியப்பா.

பால் கேனைச் சற்றே நகர்த்தி இடம் பண்ணினார். கையிலிருந்த துணிப் பையைக் கல்லின் மேல் வைத்தார். இரண்டு டீ சொன்னார். குடித்து முடிக்கிற வரைக்கும் பை அங்கேயே இருந்தது.